கேட்டதெல்லாம் மார்க்கமாகுமா?



கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் ஓதத் தொடங்கிய நாள் முதற்கொண்டு கேட்டு வருகிறோம். அதில் 'தேடுதல்' என்ற சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இருந்த இடத்தை விட்டு எழுதல், நடத்தல், ஆசிரியரின் வாயிலில் காத்திருத்தல், பெற்றதைச் சரிபார்த்தல் ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கும். நம் முன்னோர்கள் கல்வியை அவ்வாறுதான் தேடினார்கள்.

இன்றோ கல்வி நம்மைத் தேடி வருவதாகச் சொல்லப்படுகிறது. ஃபஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்வதற்கு முன்பே கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக ஒரு ஹதீஸ் வந்து கிடக்கிறது. முகநூலில் ஒரு துஆ, யூடியூபில் ஒரு பயான், இன்ஸ்டாகிராமில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு ஃபத்வா என்று நாள் முழுவதும் மார்க்கத்தின் பெயரால் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 'இனி மதரஸா எதற்கு? பிள்ளை கைப்பேசியிலேயே ஓதக் கற்றுக்கொள்கிறான்' என்று சொல்லும் பெற்றோரும் நம்மிடையே உருவாகிவிட்டனர். ஆகவே, இந்தச் சமூக ஊடகங்களை மார்க்கக் கல்விக்கு எந்த அளவு பயன்படுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கருவி புதிது, கேள்வி பழையது

புதிய கருவியொன்று தோன்றும்போதெல்லாம் நம் சமுதாயம் தயங்கி நின்றிருக்கிறது. உதுமானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூலில் இப்ராஹீம் முதஃபர்ரிகா என்பவர் அச்சகம் நிறுவ 1727-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றார். 1729-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ஓர் அகராதியாகும். மார்க்க நூல்களை அச்சிட அவருக்கு அனுமதி வழங்கப்படவில்லை. இந்தியத் துணைக்கண்டத்திலும் ஒலிபெருக்கி வந்த புதிதில், அதை வைத்துத் தொழுகை நடத்தலாமா என்று உலமாக்களிடையே நீண்ட விவாதம் நடைபெற்றது. இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காண்பது அரிது.

பின்னாளில் அச்சு நமக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் அரபுத் தமிழ் நூல்கள் கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டு வீடுவீடாகச் சென்றன. வீட்டை விட்டு வெளியே சென்று ஓத வாய்ப்பில்லாதிருந்த நம் பாட்டிமார்கள் தொழுகையின் சட்டங்களையும் நோன்பின் சட்டங்களையும் அவற்றின் மூலமாகவே அறிந்தனர். மௌலானா அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருக்குர்ஆன் தமிழாக்கம் அச்சேறியதால்தான் இறைவேதத்தின் பொருள் சாமானியத் தமிழ் முஸ்லிமின் கைக்கு எட்டியது.

இன்னொரு சான்றையும் பாருங்கள். 1961-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் புகழ்பெற்ற காரீ ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் தர்த்தீல் முறையில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 1964 மார்ச் 25-ஆம் நாள் கெய்ரோவில் திருக்குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கப்பட்டது. அந்தப் பதிவு ஓதற்கலையில் தேர்ந்த அறிஞர்களின் மேற்பார்வையில் உருவானது. அறிந்தவர் கையில் கருவி இருந்தது. அறிந்தவர் சரிபார்த்த பின்னரே அது மக்களைச் சென்றடைந்தது. ஆகையால் பயனும் நிலைத்து நின்றது.

எனவே, கைப்பேசி ஹராமா ஹலாலா என்று வாதிடுவதில் பொருளில்லை. அதில் வருவதைச் சரிபார்த்தவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மறுக்க முடியாத நன்மைகள்

2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, பள்ளிவாசல்களின் கதவுகள் அடைபட்டு, மக்தபுகள் மூடப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் உஸ்தாதுகள் பலர் கைப்பேசியின் காணொளி அழைப்பு வழியாகவே பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டார்கள். அந்தக் கருவி இல்லாதிருந்தால் அரைகுறையாக ஓதி வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் ஓதியதை அடியோடு மறந்திருப்பார்கள்.

வளைகுடா நாட்டில் உழைத்துக் களைத்து அறைக்குத் திரும்பும் நம் சகோதரர் இரவில் ஓர் ஆலிமின் தஃப்ஸீர் விளக்கத்தைக் கேட்க முடிகிறது. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய் ஓர் ஆலிமாவிடம் வீட்டிலிருந்தபடியே தஜ்வீத் பயில முடிகிறது. ஆண் ஆசிரியரிடம் கேட்க நாணும் மாதவிலக்கு, குளிப்பு போன்ற சட்டங்களைப் பெண்ணிடமே கேட்டுத் தெளிய முடிகிறது. நடக்க இயலாத முதியவர் ஜும்ஆ பயானைப் பின்னர் கேட்டுக்கொள்ள முடிகிறது. இவை யாவும் அல்லாஹ்வின் அருட்கொடைகள். இவற்றை இகழ்வது நன்றி கெட்ட செயலாகும்.

ஆனால் நஞ்சும் அதே குழாயின் வழியாகத்தான் வருகிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஒரு நபிமொழிக்கு ஒரு மாதப் பயணம்

ஹஜ்ரத் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழிக்காக ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாயிலில் போய் நின்றார்கள். தாமே நபித்தோழராக இருந்தும், நபிகளாரிடம் நேரில் கேட்டவரின் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பயணம்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் அறிவிப்புகளிலிருந்து தெரிந்தெடுத்துத் தம் ஸஹீஹ் நூலை 16 ஆண்டுகளில் தொகுத்தார்கள் என்பது வரலாறு. மீண்டும் மீண்டும் வருவனவற்றையும் சேர்த்து அந்நூலில் இடம்பெற்றவை 7,000-க்குச் சற்று மேற்பட்டவையே. எஞ்சியவற்றையெல்லாம் அவர்கள் பொய்யென்று சொல்லவில்லை. தாம் விதித்துக்கொண்ட கடுமையான நிபந்தனைகளுக்கு உட்படாதவற்றைத் தம் நூலில் சேர்க்கவில்லை, அவ்வளவே. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, நினைவாற்றல் உடையவரா, வாய்மையாளரா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கும் 'இஸ்னாத்' என்னும் கலை நம் சமுதாயத்தின் தனிச்செல்வம்.

அந்தச் செல்வத்திற்கு வாரிசுகளாகிய நாம் இன்று என்ன செய்கிறோம்? அழகிய பூக்களின் படத்தின் மேல் எவரோ எழுதி, அடியில் 'நபிமொழி' என்று மட்டும் குறித்து அனுப்பியதை, நூலின் பெயர் உண்டா, அறிவித்தவர் பெயர் உண்டா என்று ஒரு கணமும் பாராமல் 10 குழுக்களுக்கு அனுப்புகிறோம்.

ரமளான் மாதம் நெருங்கும்போது, அம்மாதம் வரும் செய்தியை முதலில் பிறருக்கு அறிவிப்பவர் மீது நரகம் ஹராமாக்கப்படும் என்றொரு செய்தி உலா வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஹதீஸ் நூல்களில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கல்வியைச் சீன தேசம் சென்றாயினும் தேடும்படி கூறுவதாக மேடைகளில் முழங்கப்படும் சொல்லையும் இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல கருத்தாக இருப்பதால் மட்டும் ஒரு சொல் நபிமொழியாகிவிடாது. நபிகளார் சொல்லாததை அவர்கள் சொன்னதாக வேண்டுமென்றே கூறுபவனுக்கு நரகமே இருப்பிடம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தையுடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இடம்பெற்றுள்ளது. அனுப்பும் பொத்தானை அழுத்தும் விரலுக்கும் நாவுக்குரிய சட்டமே பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

அஞ்சலட்டை முதல் வாட்ஸ்அப் வரை

வயதில் மூத்த வாசகர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் நினைவிருக்கலாம். மதீனாவில் ரவ்ளா ஷரீஃபின் பணியாளர் ஷைகு அஹ்மது என்பவர் கனவு கண்டதாகவும், அச்செய்தியைப் படியெடுத்து விநியோகித்தால் செல்வம் சேரும் என்றும், அலட்சியம் செய்தால் துன்பம் நேரும் என்றும் அதில் எழுதியிருக்கும். பயந்துபோன ஏழைகள் கைக்காசைச் செலவிட்டு அதை அச்சிட்டு வழங்கினார்கள். சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக விளங்கி 1999-இல் மறைந்த ஷைகு இப்னு பாஸ் அவர்கள் அது பொய்யென்று விரிவாக மறுத்தெழுதினார்கள். இன்றும் அது ஓயவில்லை. அஞ்சலட்டையிலிருந்து இறங்கி வாட்ஸ்அப்பில் ஏறிக்கொண்டது.

பொய்ச்செய்தி மார்க்கத்தை மட்டுமா கெடுக்கிறது? உயிரையும் பறிக்கிறது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டில் நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று அதை மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி காணப்படும். அனுப்பியவர் அதை எழுதியவரல்லர் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

திருமறையின் 49-ஆவது அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், அதன் 6-ஆவது வசனத்தில், நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியை ஆராய்ந்து தெளியும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் காரணம் கூறுகிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸக்காத் தர மறுத்துவிட்டனர் என்று வந்த தவறான செய்தியை ஒட்டி இவ்வசனம் அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். அன்று ஒரு செய்தியால் ஒரு போரே மூண்டிருக்கும். 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் பொய்யான காணொளிகளால் நம் சமுதாயமே பழி சுமந்தது. பொய்ச்செய்தியின் வலியை அறிந்த நாம், அதைச் சுமந்து செல்லும் கூலிகளாக இருக்கலாமா?

அரை நிமிட ஃபத்வா

மற்றோர் ஆபத்து, சட்ட விளக்கங்களைக் கைப்பேசியில் கேட்டு நடப்பதாகும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சகோதரி தாம் அணியும் தங்க நகைகளுக்கு ஸக்காத் உண்டா என்று யூடியூபில் தேடுகிறார். ஒருவர் கட்டாயம் உண்டு என்கிறார். மற்றொருவர் இல்லை என்கிறார். இருவரில் ஒருவர் பொய்யர் என்று அச்சகோதரி எண்ணிவிடுகிறார். உண்மை என்ன? அணியும் நகையாயினும் 20 மித்கால் அளவை எட்டினால் ஸக்காத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. அளவுக்கு மீறாமல் அணிவதற்கென வைத்திருக்கும் நகைக்கு ஸக்காத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்பு. தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் உள்ளனர். ஊரிலுள்ள இமாமிடம் நேரில் கேட்டிருந்தால், 'நீங்கள் எந்த மத்ஹபு அம்மா?' என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும். காணொளி அக்கேள்வியைக் கேட்பதில்லை.

வாரிசுரிமைச் சட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மனைவி இறந்தால் கணவனுக்குச் சொத்தில் பாதி என்று ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார். அன்னிஸா அத்தியாயத்தின் 12-ஆவது வசனப்படி, அவளுக்குப் பிள்ளை இல்லாவிட்டால்தான் பாதி. பிள்ளை இருந்தால் கால் பங்கு. அதுவும் கடனையும் மரண சாசனத்தையும் நிறைவேற்றிய பிறகே. அரை நிமிடத்தில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைக் கேளாதவர் தம் பிள்ளைகளின் உரிமையையே விழுங்கியவராகிவிடுவார். தலாக் போன்ற விஷயங்களில் இப்படி நேர்ந்தால் குடும்பமே சிதைந்துவிடும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 மஸ்அலாக்கள் கேட்கப்பட்டபோது, அவற்றுள் 32-க்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு. இன்றைய காணொளிகளில் தெரியாது என்று சொல்பவர் ஒருவரையேனும் கண்டதுண்டா? அவ்வாறு சொல்பவரை அந்த எந்திரம் மேலே தூக்கிவிடாது. நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதையே அது அளக்கிறது. சண்டையும் ஏளனமும் நம்மை நெடுநேரம் பிடித்து வைப்பதால், ஆலிம்கள் ஒருவரையொருவர் தூற்றும் காட்சிகளே அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இது போதாதென்று, செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒருவரின் முகத்தையும் குரலையும் கொண்டு அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் கலையும் இப்போது வந்துவிட்டது. கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்பதுகூட இனிச் சான்றாகாது.

ஓதல் உதட்டைப் பார்த்துக் கற்பது

திருக்குர்ஆன் ஓதலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'கல்பு' என்று ஒரே விதமாக எழுதுகிறோம். அரபியில் தொண்டையை ஒட்டி நாவின் அடியிலிருந்து எழும் 'காஃப்' எழுத்தால் சொன்னால் அது இதயம். அதற்குச் சற்று முன்னிருந்து எழும் மற்றொரு 'காஃப்' எழுத்தால் சொன்னால் நாய். இக்லாஸ் சூராவின் முதல் சொல்லும் அவ்வாறே. ஓர் எழுத்து மாறினால் 'கூறுவீராக' என்பது 'உண்பீராக' என்றாகிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் தமிழ் எழுத்துத் துஆக்களை மட்டும் பார்த்து மனனம் செய்யும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்லிக் கொடுப்பது?

காணொளி அழைப்பிலும் ஒரு குறை உண்டு. இணைப்பு நலிந்திருக்கும்போது ஸாத், ஸீன், ஸா ஆகிய எழுத்துகளின் மெல்லிய ஒலி வேறுபாடு ஆசிரியரின் காதுக்கு எட்டுவதில்லை. பத்துப் பிள்ளைகள் சேர்ந்தோதினால் ஒலிகள் முந்தியும் பிந்தியும் வந்து குழம்புகின்றன. பதிவு செய்யப்பட்ட குரலோ எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பிள்ளையின் பிழையைக் கேட்காது, திருத்தாது.

வஹீயின் வரலாறே நேருக்கு நேர் ஓதிக் கேட்பித்த வரலாறுதான். ரமளான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களும் நபி (ஸல்) அவர்களும் திருக்குர்ஆனை ஓதிச் சரிபார்த்தனர். நபிகளாரின் வாழ்வின் இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்தனர். மார்க்கத்தைக் கற்றுக் கொடுக்க மனித உருவில் வந்தபோதும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்தே கேள்விகளைக் கேட்டார்கள். கல்வியோடு ஒழுக்கமும் அப்படித்தான் இடம் மாறுகிறது. சிறுவர் மாலிக்கை ரபீஆ (ரஹ்) அவர்களிடம் அனுப்பிய தாயார், அவருடைய கல்விக்கு முன் அவருடைய ஒழுக்கத்தைக் கற்று வரும்படி சொல்லி அனுப்பினார்கள். திரையில் குரல் கிடைக்கும். உஸ்தாது ஒளுச் செய்யும் முறையும், ஏழைக்கு இரங்கும் பண்பும், கோபத்தை அடக்கும் விதமும் பக்கத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! பிள்ளையை மக்தபுக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள். கைப்பேசியை மக்தபின் உதவியாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஓதிய பாடத்தை உஸ்தாது தம் குரலில் பதிந்து அனுப்பட்டும். பிள்ளை வீட்டில் அதைக் கேட்டு ஓதிப் பழகட்டும். மறுநாள் நேரில் சென்று ஒப்பிக்கட்டும். பிள்ளை பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருங்கள். பாடம் முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்கி வையுங்கள். பிள்ளை ஓதுவதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டிப் பாராட்டுத் தேடும் பழக்கம் அதன் இளம் உள்ளத்தில் முகஸ்துதியை விதைத்துவிடும். ஓதும்போது தடுமாறும் பிள்ளையின் காட்சியைச் சிரிப்புக்காகப் பரப்புவது அதைவிடக் கொடிய பாவம்.

குழுக்களில் இருப்பவர்களே! மார்க்கச் செய்தி வந்தால் நூலின் பெயர் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் இமாமிடம் கேளுங்கள். கேட்க நேரமில்லையென்றால் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். அனுப்பாத செய்திக்காக மறுமையில் உங்களிடம் கணக்குக் கேட்கப்படாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவுக்கென ஒரு குழுவை அமைத்து, அதில் எழுதும் பொறுப்பைத் தகுதியுள்ள ஆலிமிடம் ஒப்படையுங்கள். பெண்களுக்கு ஓர் ஆலிமாவை நியமியுங்கள். ஸக்காத், தலாக், வாரிசுரிமை ஆகிய கேள்விகளுக்கு நேரில் வந்து விடை பெற ஒரு நேரத்தை அறிவியுங்கள். ஊரடங்கின் போது மக்தபுகள் மூடப்பட்டபோது உஸ்தாதுகள் பலரின் வீடுகளில் அடுப்பெரியாத நாட்கள் இருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். கைப்பேசிக்கும் அதன் இணைப்புக்கும் மாதந்தோறும் தயங்காமல் கொடுக்கும் சமுதாயம், உஸ்தாதின் சம்பளத்திற்கு மட்டும் கணக்குப் பார்க்கலாமா?

ஆலிம் பெருமக்களே! நாம் ஒதுங்கி நின்றால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. தகுதியற்றவர் வந்து நிரப்பிவிடுவார். ஆகவே சுருக்கமாகவும் ஆதாரத்தோடும் பேசுவோம். தெரியாததைத் தெரியாது என்போம். கருத்து வேறுபாட்டைக் கண்ணியத்தோடு எடுத்துரைப்போம். பார்வையாளர் எண்ணிக்கையை நம் கூலியாகக் கருதாமல் இறைவனிடம் கூலியை எதிர்பார்ப்போம்.

கத்தி சமையலறையில் இருந்தால் உணவு ஆயத்தமாகும். குழந்தையின் கையில் இருந்தால் இரத்தம் சிந்தும். இக்கருவியும் அத்தகையதே. நம் கைகளில் சங்கிலியாக வந்து சேர்ந்திருக்கும் தூய மார்க்கத்தை, ஒரு கண்ணியும் அறுபடாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமை. அதற்கான பயனுள்ள கல்வியையும், கேட்டதை ஆராயும் நிதானத்தையும், தெரிந்ததைச் செயல்படுத்தும் நற்பேற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.